ஆறாவது வெங்காயம்

மழை விடாமல் கொட்டிய ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை... காலை ஒன்பதரை மணி. டாம்சின் பார்ஃபிட்டின் சின்ன நீலக் காரும், எங்கிருந்தோ வந்த ஒரு பச்சை வேனும், பிட்டில்கோம்ப் கிராமத்துக்குப் போகும் ஒடுக்கமான பாதையில் நேருக்கு நேர் நின்றன. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி. நடுவில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

யாராவது ஒருவர் ரிவர்ஸ் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. ஒதுங்கும் இடம் யாருக்குக் கிட்டே இருக்கிறதோ, அவர்தான் பின்னால் போக வேண்டும். அந்த இடம் டாம்சினுக்கு முப்பதே அடி பின்னால் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். ஆனால் அவளுக்கு ரிவர்ஸ் வராது... இருபத்தொன்பது வயதாகியும் வராது. ஊருக்கே தெரிந்த சங்கதி இது. இந்த வேன்காரனுக்கு மட்டும் தெரியவில்லையே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

வேன்காரன் இறங்கி வந்தான். சொட்டச் சொட்ட நனைந்தபடி கண்ணாடியைத் தட்டினான். அவள் இரண்டு அங்குலம் மட்டும் இறக்கினாள்.

"மேடம், உங்களுக்குப் பின்னாடியே இடம் இருக்கு."

"தெரியும்."

"அப்போ...?"

"பின் சீட்ல பதினாலு வெள்ளிக் கோப்பை இருக்கு. வண்டி பின்னாடி போனா உருண்டுடும்."

"முன்னாடி போனா உருளாதா?"

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள்... சாம்பலா, பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். இமையெல்லாம் மழைத்துளி. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற கண்கள். இப்படிப் பார்த்தால் ஒருத்தியால் எப்படிக் கோபப்பட முடியும்? முடிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பினான். கால் மைல் தூரம், ஒரே மூச்சில், வேலியில் ஒரு இலைகூட உரசாமல் ரிவர்ஸ் போய், ஒரு பண்ணை வாசலில் ஒதுங்கி நின்றான். அவனைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கி நன்றி காட்டியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படித் தூக்காமல் போகிறவளைப் பத்து வருஷத்துக்குப் பேசுவார்கள். டாம்சின் தூக்கவில்லை. அவள் மனசு அந்தக் கண்களிலேயே நின்றுவிட்டது... விரலுக்குச் சொல்ல யாருமில்லை.

ஊர் மண்டபத்தில் அன்று வருடாந்திரப் பூ, காய்கறிக் கண்காட்சி. டாம்சின்தான் கமிட்டியின் செயலாளர். சரியாகப் பத்து மணிக்குக் காய்கறி வைத்தவர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்த வேண்டும். எந்தத் தட்டு யாருடையது என்று தெரியாதபடி பெயர் அட்டைகள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். பிறகு நடுவரும், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு உதவியாளரும் மட்டும் உள்ளே இருப்பார்கள். காய்கறி நடுவருக்கு உதவ வேண்டிய அம்மாளுக்கு ஜலதோஷம் என்று, அந்த வேலையும் டாம்சின் தலையில் விழுந்தது.

போதாததற்கு வழக்கமாக வரும் கிழட்டு நடுவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாராம். அவருடைய நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கும் ஒருவரை அனுப்புவதாகத் தகவல் வந்திருந்தது. பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அந்த ஒருவர் உள்ளே வந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நேத்தன் லக்கெட்" என்று கை நீட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோப்பையெல்லாம் சௌக்கியமா?" என்றான்.

டாம்சினின் காது மடல் வரை சூடேறியது. அந்தப் பாதையில் எதிர்த்திசையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று முறைப்பாகக் கேட்டாள். ஊரைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன், ரொம்பச் சின்ன ஊர் என்றான். ஊரைக் குறை சொன்னதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

ஆனால் வேலை என்று வந்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். பீன்ஸை ஒடித்து, அது முறியும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். கேரட்டை இரண்டு கைகளாலும் எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான். மூன்றாம் பரிசுகூடக் கிடைக்காத ஒரு வளைந்த வெள்ளரியை நின்று பார்த்து, "பாவம், முயற்சி பண்ணியிருக்கு" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதுவதற்குப் பதிலாக அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்... என்ன ஆயிற்று எனக்கு, ஒழுங்காக எழுது, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

நாலாவது மேஜை வெங்காயத்துக்கு. அங்கே போனதும் அவள் சிரிப்பு நின்றது.

அவள் அப்பா டெஸ்மண்ட் பார்ஃபிட் ஒன்பது வருஷமாக வெங்காயக் கோப்பையை விட்டுக்கொடுத்ததில்லை. பத்தாவது முறையும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவர் வீட்டுக்கே. பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகு ஒடிந்துபோய் இந்த மார்ச்சில்தான் வேலையை விட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் காலையில் எழுந்ததே வெங்காயப் பாத்திக்காகத்தான். அவர் தட்டு எது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஒரே அளவு, ஒரே தங்க நிறம், கழுத்தில் கச்சிதமாகக் கட்டிய நார்...

எண்ணினாள். ஆறு.

மறுபடி எண்ணினாள். அட கடவுளே... ஆறேதான்.

போன வருஷம் வரை ஆறுதான். ஆறு வெங்காயம் ஒரே அளவில் வளர்க்க முடியவில்லை என்று பலர் புலம்பியதால், இந்த வருஷம் கமிட்டி ஐந்தாகக் குறைத்தது. விதிப் புத்தகத்தில் 'ஐந்து' என்று டைப் அடித்ததே டாம்சின்தான். கமிட்டி கூடிய அன்று, அதில் உறுப்பினரான அப்பா முதுகு வலியோடு ஆஸ்பத்திரியில். புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் கையில்தான் கொடுத்தாள்... முப்பது வருஷமாகப் போட்டி போடுகிறவன் புத்தகத்தைப் படிப்பானா என்று அதன் மேல் டீ கோப்பையை வைத்தார் அவர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லையே! ஒன்று அதிகம் என்றாலும் தட்டு போட்டியிலேயே சேராது. பத்து மணிக்கு மேல் யாரும் எதையும் தொடவும் கூடாது.

நேத்தன் அவள் முகத்தைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். மறுபடி அவள் முகத்தை.

"நான் இன்னும் இதை எண்ணலை" என்றான் மெதுவாக. "ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்க்கப் போறேன். பத்து எண்ணுற வரைக்கும். அப்புறம் திரும்பி, என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன்."

சொன்னபடியே திரும்பிக்கொண்டான். டாம்சினின் கை தானாகவே நீண்டது. ஓரத்து வெங்காயத்தின் மேல் விரல் பட்டது... ஜில்லென்று வழவழப்பாக. பையில் போட்டுக்கொண்டால் போதும். அப்பா சிரிப்பார். மார்ச்சுக்கு அப்புறம் முதல் தடவை சிரிப்பார். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்துத் தட்டில் தபால் ஆபீஸ் எடித் அம்மாளின் ஐந்து வெங்காயம் இருந்தது. சுமாரான வெங்காயம்தான்... ஆனால் ஐந்து. கை அங்கேயே நின்றது. அந்தப் பத்து எண்ணிக்கை முடிய ஒரு யுகம் ஆனது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவன் திரும்பினான், எண்ணினான், அவளிடமிருந்து அட்டையை வாங்கித் தானே எழுதினான். 'விதிப்படி இல்லை.' அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்தான்: 'இந்த மண்டபத்திலேயே சிறந்த வெங்காயம். ஒன்று அதிகம்.'

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. அதுவரை டாம்சின் மண்டபத்துக்கும் வாசலுக்குமாக எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா ஊர் முழுக்கப் பார்க்க அந்த அட்டையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் படித்தார். உனக்குத் தெரியுமா என்று மகளைக் கேட்டார். தெரியும் என்றாள் அவள். புத்தகத்தில் ஐந்து என்று போட்டதும் நான்தான், சொல்ல மறந்ததும் நான்தான் என்றாள். அவர் நேத்தனைப் பார்த்து, "எண்ணத் தெரிஞ்ச ஆளுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறு வெங்காயத்தையும் அள்ளிக்கொண்டு மழையில் குடையில்லாமல் நடந்தார். டாம்சின் பின்னாலேயே ஓடினாள். நேத்தனிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு நின்றது. தினம் ஒரு வெங்காயத்தை அரிந்து சூப் வைத்துத் தனியாகக் குடித்தார் மனிதர். ஆறு நாள், ஆறு சூப். ஏழாம் நாள் அரிய ஒன்றும் இல்லாததால், மகளிடம் பேசியாக வேண்டியதாயிற்று.

"ஒண்ணை எடுத்து ஒளிச்சிருக்கலாமே நீ" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திரும்பி நின்றதை, பத்து எண்ணியதை, தன் கை போய் வந்ததை. சொல்லும்போதே அவள் குரல் எங்கே உடைந்தது, எந்தப் பெயரில் தயங்கியது என்று அப்பா கவனித்தார். லாரி ஓட்டினவர்தான், ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் இல்லையா.

"எடுக்காததே நல்லது" என்றார் கடைசியில். பிறகு அவளுக்கும் ஒரு டீ போட்டார்.

அப்பா சமாதானமாகிவிட்டார், சரி. அவள் மனசு சமாதானமாகவில்லையே... நடுவருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது செயலாளரின் வேலை. நாலு முறை எழுதிக் கிழித்தாள். ஒன்றில் அதிகம் சொல்லிவிட்டாள், ஒன்றில் ஒன்றுமே சொல்லவில்லை, ஒன்றில் கண்களைப் பற்றி வந்துவிட்டது. ஐந்தாவதில் 'தங்கள் உதவிக்குக் கமிட்டியின் நன்றி' என்று மொட்டையாக எழுதித் தபாலில் போட்டுவிட்டு, போட்ட நிமிடத்திலிருந்து வருத்தப்பட்டாள். பதில் வரவில்லை. அவள் வேலை பார்க்கும் கால்நடை ஆஸ்பத்திரியில் பூனையின் சீட்டில் நாயின் பெயரை எழுதினாள். பச்சை வேன் எது போனாலும் ஜன்னலுக்கு ஓடினாள். ஒன்று ரொட்டி வேன், ஒன்று சாக்கடை அடைப்பு எடுக்கிற வேன். சீ, என்ன பிழைப்பு இது!

கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கமிட்டி கூடியது. அடுத்த வருஷ நடுவர் யார் என்ற பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் டெஸ்மண்ட் பக்கம் போனது. போன தடவை வந்த பையனையே கூப்பிடுங்கள் என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. டாம்சினின் பேனா கீழே விழுந்தது. மறுநாளே அழைப்புப் படிவத்தை அனுப்பினாள். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. வர இஷ்டமில்லை போலிருக்கிறது... அவ்வளவுதான் போலிருக்கிறது... என்று சொல்லிக்கொண்டே தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றாள்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை, மண்டபத்தில் காலை காபிக் கூட்டம் முடிந்து, அவள் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே தூறல். கதவு திறந்தது. நேத்தன், கையில் அந்தப் படிவத்தோடு.

என்னென்னவோ கேட்க நினைத்திருந்தாள். வாயில் வந்தது, "தபால்ல அனுப்பியிருக்கலாமே."

"இதைத் தபால்ல அனுப்ப முடியாது. என்னால அடுத்த வருஷம் ஜட்ஜா வர முடியாதுங்க."

அப்பா அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், உங்களைக் கூப்பிடச் சொன்னதே அவர்தான் என்று படபடவென்று சொன்னாள்.

"அவர் மேல ஒரு கோபமும் இல்ல. கடைசி வரியைப் படிங்க."

படிவத்தின் அடியில் நடுவர்கள் எல்லாரும் நிரப்ப வேண்டிய கேள்வி ஒன்று இருக்கும். வேண்டியவர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக வைத்தது: 'போட்டியாளர் வீட்டில் தங்களுக்கு உறவோ நெருக்கமோ உள்ளவர் உண்டா?' வருஷா வருஷம் எல்லாரும் 'இல்லை' என்று எழுதும் இடம். அங்கே அவன் கையெழுத்தில், 'உண்டு. இப்போதைக்கு ஒரு தரப்பில் மட்டும்' என்று இருந்தது.

டாம்சினுக்கு எழுத்து கலங்கியது. யார் வீட்டில் என்று கேட்டாள்.

"உங்க வீட்டுலதான்" என்றான் அவன். சிரிக்கிற அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை, பயம் இருந்தது. "மூணு வாரமா அந்த இடத்துல 'இல்லை'ன்னு எழுதப் பார்த்தேன். பேனா ஓடலை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, டாம்சின். நீங்க கையை எடுத்துக்கிட்டதை ஜன்னல் கண்ணாடியில பார்த்தேன். அதுலேர்ந்து எனக்கு வேற எதுவும் ஓடலை. நீங்க இல்லைன்னு சொல்லிட்டா, நான் போயிட்டு ஒழுங்கா ஜட்ஜா வர்றேன்."

அவள் அடுக்கிய நாற்காலியின் மேல் படிவத்தை வைத்துப் பேனாவை எடுத்தாள். 'இப்போதைக்கு ஒரு தரப்பில் மட்டும்' என்பதை நிதானமாக அடித்தாள். அதற்குக் கீழே, செயலாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

"எதை அடிச்சீங்க?" என்றான் அவன், எட்டிப் பார்க்கத் தைரியமில்லாமல்.

"தப்பா இருந்ததை" என்றாள் டாம்சின். நிமிர்ந்து அவனைப் பார்த்தபோது அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, நேத்தன்... அஞ்சு வாரமா ஒரு இடத்துல உட்கார முடியலை என்னால."