இரவல் சாட்சி

முரசுமோட்டையில் வந்து இறங்கிய அன்றே, சமையல்கார அக்கா தேநீரை இடது கையால் நீட்டியது எப்சிபாவுக்கு உறுத்தியது. வலது கையை அவள் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். எப்சிபா உடனே திரும்பிப் பார்த்தது, ஷெரினுக்கு எந்தக் கையால் கொடுக்கிறாள் என்பதைத்தான். அவளுக்கும் இடது கைதான். மனசு கொஞ்சம் ஆறியது.

அப்படித்தான் அவள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து பத்து நாள் ஊழியத்துக்காக ஏழு வாலிபப் பிள்ளைகள் விமானம் ஏறி வந்திருந்தார்கள். கடல் தாண்டியும் எப்சிபாவின் கண் ஷெரினை விட்டு நகரவில்லை. காரணம், ஷெரினிடம் சாட்சி இருந்தது. ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோய், டாக்டர்கள் கைவிட்டது, ஜெபம், சுகம். அவள் சொல்லி முடிக்கும்போது அழாத ஆள் இருக்காது. அப்புறம் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி நிற்பார்கள். எப்சிபாவிடம் என்ன இருக்கிறது? ஞாயிறு பள்ளிப் பரிசு நாலு, பாடல் குழுவில் மூன்றாம் வரிசை. வயிறு எரிந்தது. ஒரே ஒரு நாளாவது தன் கையைப் பிடிக்க ஒரு வரிசை நிற்க வேண்டும். இரவும் பகலும் அவள் இரகசியமாக ஜெபித்தது அதற்குத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வயல் பக்கமிருந்து சேற்று வாசமும் தவளைச் சத்தமும் குசினிக்குள் வந்துகொண்டிருந்தன. அந்த அக்கா, அருந்ததி, அடுப்பின் முன்னால் குந்தி வலது கையை நெருப்புக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ரோமம் கருகும் அளவுக்குக் கிட்டத்தில். அப்படியும் விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. என்னக்கா ஆச்சு என்று எப்சிபா கேட்டாள்.

“எனக்கு அப்ப பன்ரண்டு வயசு. சண்டை நேரம். பங்கர் குழிக்கை ஒளிச்சிருந்தனாங்கள், நானும் தங்கச்சியும். செல் விழுந்து வெடிச்சு மண் மூடிப்போட்டுது. அவளின்ரை கை என்ரை கையுக்கை இருந்தது. மேலையிருந்து என்னை இழுத்தினம். நான் அவளின்ரை கையை விட்டிட்டன்.” விறகை உள்ளே தள்ளினாள். “அவள் விடேல்லை. இண்டைக்கும் விடேல்லை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

எப்சிபாவின் கண் கலங்கியது உண்மை. ஆனால் கண்ணைத் துடைக்கும்போதே, எப்பேர்ப்பட்ட சாட்சி, அடுப்படியில் வீணாய்க் கிடக்கிறதே என்று நினைத்ததும் உண்மை.

மறுநாள் சாயங்காலக் கூட்டத்தில் ஷெரின் வழக்கம்போல மண்டபத்தையே அழ வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “வேறை ஆரும் சாட்சி சொல்லப் போறீங்களோ?” என்று போதகர் கேட்டார். எப்சிபா எழுந்தாள். பங்கரை ஊர்த் தேரிக்காட்டு மணல் குழியாக்கினாள். செல் விழுந்ததை மணல் சரிந்ததாக்கினாள். மற்றதெல்லாம் அப்படியே. “என் தங்கச்சி கை என் கைக்குள்ளயே இருந்துச்சு” என்றபோது, ஷெரினுக்கு அழுததைவிடப் பலமாக அழுதார்கள்.

“பிள்ளையின்ரை பேர் என்னம்மா?” என்று முன்வரிசையில் ஒரு அம்மா விம்மினாள்.

“சாரங்கா.”

சொன்ன பிறகுதான் எப்சிபா திடுக்கிட்டாள். அருந்ததி பெயரே சொல்லவில்லை. இப்படி ஒரு பெயரை ஊரில் அவள் கேட்டதும் இல்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற அருந்ததி, தலைப்பிலிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வரிசை நின்றது. எப்சிபாவுக்காக! ஆனால் முதல் அம்மா கையைப் பிடித்த வேகத்தில் விட்டுவிட்டாள். “என்ன பிள்ளை, இப்பிடிக் குளிருது?” அடுத்தவளும் விட்டாள். மூன்றாவது ஆள் கிட்டவே வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அருந்ததி வந்தாள். கோபமே இல்லை. “பதினாறு வருசத்துக்குப் பிறகு என்ரை கை சுடுகுது. அவள் உங்களிட்டை வந்திட்டாள், தங்கச்சி.” குரலைத் தாழ்த்தினாள். “ஒண்டு சொல்லுறன். வேறை ஆரையும் அந்தக் கையைப் பிடிக்க விடாதேங்கோ. அவளுக்குப் பொறுக்காது. அதாலைதான் நான் கலியாணமும் கட்டேல்லை.”

எப்சிபா சிரிக்கப் பார்த்தாள். ஆனால் மறுநாள் முழுக்க எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் மண் இருந்தது. சோற்றைப் பிசைந்தால் பல்லில் நறநறத்தது. சாலையைக் கடக்கும் குழந்தை பிடிப்பதைப் போல, அவளுடைய இரண்டு விரல்களை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டே வந்தது. சில்லென்று. ஈரமாக.

சாயங்காலம் காலி மண்டபத்தில் அவள் தனியாக முழங்காலில் இருந்தாள். ஷெரின் வந்து பக்கத்தில் முழங்காலிட்டாள்.

“ஏட்டி, உனக்குத் தங்கச்சியே கிடையாதுல்லா?”

எப்சிபா வலது கையை மடிக்குள் மறைத்தாள்.

“பரவால்ல. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். வா, சேந்து ஜெபிப்போம்.”

இந்த நல்ல குணம்தான் எப்சிபாவுக்கு எப்போதும் அதிகமாக எரியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஷெரின் அவள் வலது கையைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

“ஆண்டவரே...”

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று நுழைந்தது. சின்னது.

ஷெரின் இருமினாள். மறுபடியும். உதட்டோரம் மண்.

கையை இழுக்க வேண்டும். இழுத்தால் போதும்.

இனி இவளுக்கு யார் வரிசையில் நிற்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது.

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி, எப்சிபா இழுக்கவில்லை.

சின்ன விரல்களுக்கு அது போதுமாயிருந்தது. இறுகின.

பிறகு இழுத்தாள். கத்தினாள். கை வரவில்லை. ஷெரினின் கண்கள் திறந்து அவளையே பார்த்தன. ஜெபத்துக்குத் திறந்த வாயிலிருந்து ஈர மண் கொட்டியது. நாடியில் வழிந்தது. தரையில் குவிந்தது. நான்கு முழங்கால்களையும் மூடிய பிறகும் அது கொட்டிக்கொண்டே இருந்தது.