கரிசல் போட்டுத் தூர்த்த தொட்டி

தண்ணீர் வருவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஆனாலும் அந்தப் பட்டப்பகலில், சோறு வடித்துக்கொண்டிருந்த மாரிசெல்வியின் காலடியில், தரைக்குள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கோவில்பட்டியில் எட்டு நாளைக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் குழாய்த் தண்ணீர் இப்படிச் சொல்லாமல் வந்தால் சந்தோஷப்படாத ஆள் உண்டா? அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அடுக்களை மூலையைப் பார்த்தாள்.

அடுக்களை மூலையில், தரைக்குக் கீழேதான் அந்தத் தொட்டி இருந்தது. போன சித்திரையில், தண்ணீர் நிறைவது தெரியட்டும் என்று மூடியைத் திறந்து போட்டுவிட்டு, குடம் எடுக்க வாசலுக்குப் போனாள். திரும்புவதற்குள் நான்கு வயது மகள் இந்துஜா உள்ளே விழுந்து போய்ச் சேர்ந்திருந்தாள். மகளை ஊருக்கு வெளியே புதைத்த மறுநாளே, கணவன் நந்தகோபால் புதூர்ப் பக்கத்துத் தங்கள் மானாவாரிக் காட்டிலிருந்து டிராக்டரில் கரிசல் மண்ணைக் கொண்டுவந்து இறக்கினான்.

"கரிசல் வேண்டாம் தம்பி. ஈரம் பட்டா உப்பித் தரையவே தூக்கிரும். சரளை போடுங்க" என்றார் கொத்தனார் பரமசிவன்.

"எம்புள்ள கெடந்த எடத்துல எங்க காட்டு மண்ணுதான் கெடக்கணும்" என்று நந்தகோபால் அழுதான். அவன் சொன்னபடியே தூர்த்து சிமெண்டு பூசினார்கள்.

மாரிசெல்வி இப்போது பிளம்பர் மாரிராஜுக்கு ஃபோன் போட்டாள்.

"இன்னைக்கே தண்ணி திறந்துட்டாங்க போல. தொட்டிக்குப் போற பழைய பைப்பு உடஞ்சிருக்கும். வாசல்ல இருக்க வால்வ இறுக்கி அடைச்சிருங்கக்கா. அரை மணியில வாரேன்."

ஓடிப்போய் அடைத்தாள். சத்தம் நின்றது. ஈரத்தைத் துடைக்கத் துணியோடு திரும்பி வந்தபோது, தொட்டி மூலையில் தரை ஒரு சாண் உப்பி, நடுவில் பிளந்திருந்தது. ஈரக் கரிசலின் வாசம். அதனூடே தேங்காய் எண்ணெய் வாசம், மகள் தலையில் அவள் தினமும் வைத்துவிட்டது. பிளவில் மண் கொழகொழத்து நின்றது. அதில் நான்கு விரல் நுனிகள். சின்ன விரல்கள். நகத்தில் மருதாணி.

அசைவில்லை. தண்ணீர் நின்றதும் மண்ணும் எழும்பாமல் நின்றுவிட்டது. வால்வை அடைத்து மகளைப் பாதியில் நிறுத்திவிட்டது தான்தான் என்று அவளுக்கு விளங்கியது. பயம் இருந்தது. ஏக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஃபோன் அடித்தது. "அடைச்சிட்டீங்களாக்கா?"

"அடைச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய், வால்வை முழுக்கத் திறந்துவிட்டாள். உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

தரை எழும்பியது. விரல்கள். உள்ளங்கை. மணிக்கட்டு.

மண்டியிட்டு அந்தக் கையைப் பற்றினாள். "வாடி, என் தங்கம். அம்மா இங்கனதான் இருக்கேன்."

சில்லிட்ட கை. அதுவும் பற்றியது. இறுக்கியது. நான்கு வயதுப் பிடி இல்லை அது. மண் உள்வாங்கத் தொடங்கியது.

மாரிராஜ் கதவைத் தட்டினான். "அக்கா! ஏக்கா!"

அவள், ஒரு கை தோள் வரை கரிசலுக்குள் புதைய, கன்னத்தை ஈரத் தரையில் வைத்தபடி, இன்னொரு கையையும் உள்ளே விட்டாள்.