ஸ்பிரிங் பெட்டியில் இரண்டாவது ஒயர்

பாடகன் ஷான்போரின் குரலுக்கு மாவ்லாய் ஊரில் அன்று சொன்ன விலை நாலு லட்சம். சொன்னவர் தாய்மாமன் ரிம்போர். லாரி ரேடியேட்டர் ஒட்டும் கடைக்காரர்; பத்து ரூபாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறவர். அன்று பேரத்துக்கே இடம் வைக்கவில்லை.

"அந்த வான்ப்ராங் செஞ்ச ஆம்ப்ளிஃபயர் எங்க பையனைக் கொன்னுடுச்சு. நாலு லட்சம், இல்லேன்னா ஜெயில்."

சனிக்கிழமை, மாலை 4.10. தேவாலயக் கூடத்தில் ஒத்திகை. கை கிட்டார் கம்பியில். உதடு மைக்கில் பட்டது. ஷான்போர் விழுந்தான், எழவில்லை.

5.30. சப்-இன்ஸ்பெக்டர் இபான்ரி வந்தபோது, ஆம்ப்ளிஃபயரைக் கையால் செய்த வான்ப்ராங் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பிளக்குல எர்த் பின் எங்க, பாஹ்?"

"நான் கொடுத்தப்ப இருந்துச்சு, கொங்." அந்த ஊரில் பாஹ் என்றால் அண்ணன், கொங் என்றால் அக்கா.

"யார் வெட்டினது?"

"வெட்டினவன் பேரு போட்டுட்டா போவான்?"

இபான்ரி ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையைக் கழற்றினாள். அடியில் எதிரொலிக்கான தகர ஸ்பிரிங் பெட்டி. அதை இறுக்கிய நீள ஸ்க்ரூ ஒன்று கீழே ஓடிய மெயின் ஒயரைக் குத்தியிருந்தது. பெட்டியில் ஏறிய மின்சாரம் கிட்டார் கம்பிவரை போய், உதடு பட்ட மைக் வழியே இறங்கியிருக்கிறது. எர்த் பின் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும்; இல்லாததால் பையன் போனான்.

"இந்தப் பெட்டிக்கு எத்தனை எர்த்?"

"ஒண்ணுதான். சத்தம் திரும்பி வர்ற ஒயர் மேல சுத்தின கம்பிவலையே எர்த்துக்குப் போதும். இன்னொண்ணு போட்டா ரெண்டு எர்த்தும் சேர்ந்து வட்டமாயிடும், ஸ்பீக்கர் உறும ஆரம்பிக்கும்."

"ரெண்டு இருக்கே."

வான்ப்ராங் குனிந்து பார்த்தார். "நான் பத்தவச்சது இல்லை, கொங்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

இரண்டாவது ஒயரின் முனையில் கொழுக்கட்டை அளவு ஈயம். சுற்றிலும் பச்சைக் களிம்பு.

ஞாயிறு, காலை 11. ரிம்போரின் கடை.

"ஆம்ப்ளிஃபயரைத் தொட்டீங்களா?"

"தூக்கிட்டுப் போனேன். அவ்வளவுதான்."

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

"பன்னி மாதிரி உறுமும்."

மேசையில் ஆசிட் புட்டி. மூலையில் பழைய ரேடியேட்டர்கள். ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பச்சை.

செவ்வாய், அடக்கம் முடிந்த மறுநாள். ஷான்போரின் அம்மா பிடாலியாவின் வீடு. அவள் தம்பி ரிம்போரும் அங்கே இருந்தார். வான்ப்ராங்கையும் கூட்டி வந்திருந்தாள் இபான்ரி.

"உறுமலுக்குக் காரணம் உள்ள இருக்கற ரெண்டாவது ஒயர். பின்னை வெட்டினா அது போகாது. வான்ப்ராங்குக்கு அது தெரியும். வெட்டினவருக்குத் தெரியலை. ரேடியோ வேலை செய்யறவன் ஆசிட் வச்சுப் பத்தவைக்க மாட்டான், பச்சை பூத்து ஒயரை அரிச்சுடும். ரேடியேட்டர்காரர்தான் வைப்பார். நீங்கதான், பாஹ் ரிம்போர்."

ரிம்போர் சுவரோரம் உட்கார்ந்தார்.

"லேசா இரையுது மாமான்னான். எர்த் பத்தலைன்னு ஒயர் போட்டேன். ஜாஸ்தியாச்சு. பின்னை வெட்டினேன். அப்பவும் அடங்கலை. பெட்டிதான் ஆடுதுன்னு பெரிய ஸ்க்ரூவா போட்டு இறுக்கினேன்... கச்சேரிக்கு நல்லா கேக்கணுமேன்னு."

"நாலு லட்சம் கேக்கறப்ப தெரியுமா?"

"விழுந்தப்பவே தெரியும். இவன் கொன்னான்னு ஊரே சொன்னா, நானும் நம்பிடலாம்னு பாத்தேன்."

வான்ப்ராங் எழுந்து வெளியே போனார். அவரை யாரும் கூப்பிடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

பிடாலியா அடுப்படியிலிருந்து தட்டுகளைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"வீட்டுல மூணு பேருக்கு மூணு தட்டு, மகளே. சனிக்கிழமை ஒண்ணு போச்சு. இப்ப தம்பியைக் கூட்டிட்டுப் போறே. மிச்சம் ஒண்ணு."

இரண்டு தட்டுகளைக் கவிழ்த்தாள். பிறகு, தன்னுடைய மூன்றாவதையும்.