ஜாஸ்மி அழித்த கிட்டார்

ஜாஸ்மிக்கு ஒரு வாத்தியமும் வாசிக்க வராது. பாட்டும் வராது. அவள் பாட ஆரம்பித்தால், "தலைவலி மாத்திரையை எங்கட்டி வச்சே?" என்று அம்மா தேடுவாள். ஆனால் காது மட்டும் பாம்புச் செவி. தெருமுனையில் திரும்பும் ஸ்கூட்டர் யாருடையது என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவாள்.

அந்தக் காதுக்காகத்தான் அவளை 'இடிமழை' ராக் குழுவில் சேர்த்தார்கள். டிரம்ஸ் அடிப்பவன் விபின். பாடுபவள் அவன் தங்கை அஞ்சு. கிட்டார் ஜெபிஷ். நால்வரும் குழித்துறையில் ஒரே தெரு. அஞ்சுவைத் தவிர மற்ற மூவரும் ஏழாம் வகுப்பு.

மார்த்தாண்டத்தில் வாத்தியங்கள் விற்கும் ஒரு கடைக்காரர் போட்டி வைத்திருந்தார். சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். முதல் மூன்று குழுக்களுக்குக் கிறிஸ்துமஸ் விழாவில் மேடை கிடைக்கும்.

விபினின் டிரம்ஸைப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கும் வீடு அந்தத் தெருவில் இல்லை. அதனால் எல்லாரும் ஓரிடத்தில் கூடி வாசிக்க வழியில்லை. அவன் அடித்ததை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, அஞ்சுவும் ஜெபிஷும் தங்கள் பங்கைத் தனித்தனியாகச் செல்போனில் பதிவு செய்து ஜாஸ்மிக்கு அனுப்பினார்கள். மூன்றையும் லேப்டாப்பில் சேர்த்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, ஒரே பாட்டாக்குவது ஜாஸ்மியின் வேலை. அதற்குப் பெயர்தான் மிக்ஸிங்.

முதல் மிக்ஸை அவள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் புகார்கள் வந்து குவிந்தன.

"எனக்க குரல் கிணத்துக்குள்ள கேக்குது" என்றாள் அஞ்சு.

"டிரம்ஸ் தகர டப்பா மாதிரி இருக்கு" என்றான் விபின். "அது போகட்டு. கிட்டார் ரொம்பக் கொறவு, கேட்டியா? ரெண்டாவது சரணம் முடிஞ்சு ஜெபிஷ் போட்டு அடிக்கான் பாரு, என்னா ஆவேசம்! அதைத் தூக்குட்டி. அதுலதான் நாம ஜெயிக்கப் போறோம்."

ஜெபிஷ் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் போட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான், அளந்து பேசுகிறவன்.

சனிக்கிழமை மத்தியானம் ஜாஸ்மி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அஞ்சுவின் குரலைக் கிணற்றிலிருந்து தூக்கினாள். டிரம்ஸின் தகரச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு கிட்டாரைத் தனியாக எடுத்தாள்.

லேப்டாப்பில் கம்ப்ரஸர் என்று ஒரு வசதி இருந்தது. குழுப் புகைப்படம் எடுக்கும்போது உயரமானவனைக் குனியச் சொல்லி, குள்ளமானவனை ஸ்டூலில் ஏற்றுவோமே, அந்த வேலைதான். சத்தமான இடத்தை அமுக்கும், மெல்லிய இடத்தைத் தூக்கும். ஜாஸ்மி அதைப் போட்டாள்.

கிட்டார் தூக்கலாகக் கேட்டது. அதற்குப் பின்னால் வேறு ஏதோ கேட்டது.

யார் வீட்டு டிவியோ என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"பைய பேசுங்க. பிள்ள வாசிச்சிட்டு இருக்கான்." அது ஜெபிஷின் அம்மா குரல்.

"கேக்கட்டு! எல்லாரும் கேக்கட்டு!" அது அவன் அப்பா.

ஒரு பாத்திரம் சுவரில் மோதி விழுந்தது. பிறகு அவன் அம்மா அழுதாள். அழுகை தொடங்கிய அதே நொடியில் கிட்டார் வெறிபிடித்தது போல உயர்ந்தது. விபின் சொன்ன ஆவேசம் அதுதான். அவன் பாட்டுக்காக வாசிக்கவில்லை. அந்தச் சத்தம் தன் காதில் விழக்கூடாது என்று வாசித்திருக்கிறான்.

ஜாஸ்மி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நேற்றுகூட ஜெபிஷின் அப்பா அவளைப் பார்த்து, "என்ன மக்கா, பாட்டு எங்கே வரைக்கும் வந்துது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார்.

கிட்டார் நிற்கும் இடைவெளிகளில் கேட்ட பேச்சை அவள் வெட்டி எறிந்தாள். ஆனால் கிட்டாரோடு கலந்து கேட்டதை என்ன செய்வது? அதை வெட்டினால் கிட்டாரும் போகும். பேச்சுக் குரலின் அளவை மட்டும் குறைத்துப் பார்த்தாள். கிட்டார் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கிட்டாரையே குறைத்தால் விபின் விடமாட்டான். அவனாகவே லேப்டாப்பை வாங்கிக் கிட்டார் சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பான். அப்போது அவன் காதிலும் விழும், ஊர் காதிலும் விழும்.

ஜெபிஷிடம் உண்மையைச் சொல்லலாமா? 'உனக்க அம்மா அழுகது கேக்குது' என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்ப்பானா?

ஜாஸ்மி வெகு நேரம் யோசித்தாள். பிறகு கிட்டார் பதிவை லேப்டாப்பிலிருந்தும் தன் செல்போனிலிருந்தும் அழித்தாள். ஜெபிஷைக் கூப்பிட்டாள்.

"லேய், ஒரு தப்பு நடந்துபோச்சு. உனக்க கிட்டார் ஃபைல் அழிஞ்சு போச்சு. எனக்க கை பட்டு."

"என்னட்டி சொல்லுக? நான் அனுப்பினதும் எனக்க போன்ல அழிச்சிட்டேனே! ஒம்பது தடவை வாசிச்சு எடுத்தது தெரியுமா?"

"தெரியும். தப்பு எனக்கதுதான். நாளைக்கு எங்க வீட்டுக்கு வா. இஞ்ச வச்சே எடுப்போம்."

அவன் பட்டென்று போனை வைத்தான். விபின் சும்மா இருப்பானா? "வேலியே பயிரை மேய்ஞ்சா என்ன செய்யது?" என்று குரூப்பில் போட்டான். கூடவே கோப முகம் பன்னிரண்டு. ஜாஸ்மி எண்ணிப் பார்த்தாள், பன்னிரண்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய ஆராதனை முடிந்ததும் ஜெபிஷ் கிட்டாரோடு வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஜாஸ்மியின் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு, "நான் ஒண்ணும் மிண்ட மாட்டேன், சத்தமே வராது, நீங்க எடுங்க" என்று பின்கட்டுக்குப் போய்விட்டாள். வீடு அமைதியானது.

முதல் தடவையே அவன் பிழையில்லாமல் வாசித்தான். ஆனால் இரண்டாவது சரணம் முடிந்ததும் வரவேண்டிய அந்த வெறி வரவில்லை. கிட்டார் நிதானமாகவே ஒலித்தது. அழகாகவும் இருந்தது.

"பழைய மாதிரி அடிக்கச் சொல்லுட்டி!" என்று புதுப் பதிவைக் கேட்ட விபின் போனில் கத்தினான்.

"இது போதும்லே" என்றாள் ஜாஸ்மி. சாயங்காலமே பாட்டை அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. முதல் மூன்றில் இடிமழை இல்லை. 'குரலும் தெளிவும் நன்று. கிட்டாரில் வேகம் போதாது' என்று நடுவர் எழுதியிருந்தார்.

அன்று பள்ளி விட்டதும் வேப்பமரத்தடியில் விபின் பொரிந்து தள்ளினான். "அந்தப் பழைய கிட்டார் இருந்திருந்தா மேடை நமக்குத்தான். எல்லாம் இவளாலே! அடுத்த பாட்டுக்கு எதிர்வீட்டு அனில்குமார் அண்ணன் மிக்ஸ் பண்ணட்டு. இவ வேண்டாம்."

"ஆமா, வேண்டாம்" என்றாள் அஞ்சு.

ஜாஸ்மி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், விபின் வாயை மூடிக்கொள்வான். அவள் சொல்லவில்லை. ஜெபிஷைப் பார்த்தாள். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். விபின் திட்டியதைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அவள் தனியாக வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். ஜெபிஷ்தான். அவளோடு சேர்ந்து நடந்தான்.

"அந்த ஃபைல் உண்மையாட்டே கை பட்டுத்தான் போச்சா?"

"ஆமா."

"அதுக்கு முன்னே நீ நல்லா கேட்டியா?"

"இல்ல. கேக்கவே இல்ல."

அதைக் கேட்காமல் முதல் மிக்ஸைச் செய்திருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஜெபிஷின் காது மடல் சிவந்துவிட்டது. அவன் தலையைத் திருப்பி ரப்பர் மரங்களைப் பார்த்தபடி நடந்தான்.

அவள் வீட்டு வாசல் வந்ததும் நின்றான்.

"ஜாஸ்மி, நாளைக்கும் இஞ்ச வந்து வாசிக்கட்டா? போட்டிக்கு இல்ல. சும்மா."

"வா."

"தினமும் வந்தா உங்க அம்மா ஏதாவது சொல்லுவாளா?"

"நான் பாடாம இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள் ஜாஸ்மி. அவன் சிரித்தேவிட்டான்.

மறுநாள் நாலரை மணிக்கு ஜெபிஷ் கிட்டாரோடு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு மணி வரை வாசித்தான். ஜாஸ்மி லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.