நான்கு விநாடிச் சுரங்கம்

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வர நான்கு விநாடிகள் ஆகும். அன்று ஏழு ஆயிற்று.

இத்வல் பியூ முதலில் கைக்கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டார். மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் ஏழு. அந்தச் சுரங்கத்தைக் கோழி வலையும் சாந்தும் வைத்து அவரே கட்டியிருந்தார். இரண்டடி நீளம், உள்ளே நேரான தண்டவாளம். வேறு ஒன்றும் கிடையாது.

மாடியின் பின்னறை முழுவதும் லான்வெரன் ரயில் கிளைப்பாதை பொம்மை வடிவில் பரவிக் கிடந்தது. முப்பத்தொரு வருடம் அவர் தண்டவாள வேலை பார்த்த பாதை அது. அரசாங்கம் அதை மூடி, இரும்பைப் பிடுங்கிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது. நவம்பர் மழை சன்னலில் வழிந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

படியில் காலடி கேட்டது. மனைவி நெஸ்டா என்று நினைத்துத் திரும்பினார். வாசலில் எம்ரிஸ் ஹோவெல் நின்றார். இருபத்தேழு வருடமாக இந்த வீட்டுப் படி மிதிக்காத மனிதர்.

"நெஸ்டா கடையில பார்த்தப்ப கூப்பிட்டா. பழசையெல்லாம் மறந்துட்டு வந்து பாருங்கன்னா" என்றார். தொப்பியைக் கழற்றவில்லை. மேசையைச் சுற்றி மெதுவாக நடந்தார். "ஸ்டேஷன், பால் கேன், நிலக்கரிக் குவியல். ஒண்ணு விடல. சுரங்கத்து வாசல்ல கொடியோட நிக்கவேண்டிய ஆளத்தான் காணோம்."

"பொம்மை இன்னும் வாங்கல."

"வாங்காத. அன்னைக்கும் அங்க ஆள் இல்லையே."

"ரயில் வருதுன்னு நான் கொம்பு ஊதினேன். விசாரணையில சொன்னதுதான்."

"சொன்னே. எழுதிக்கிட்டாங்க." எம்ரிஸின் குரல் உயரவே இல்லை. "கொம்பு கேட்டவன் கையில இருக்கறதப் போட்டுட்டு சுவரோட ஒட்டி நிப்பான். சுரங்கத்துக்குள்ளேருந்து என் தம்பி உடம்பைத் தூக்கறப்ப கையில சுத்தியல் இருந்துச்சு. மத்த ரெண்டு பேர் கையிலயும்தான்."

இத்வல் சன்னல் பக்கம் திரும்பினார். அன்றும் மழைதான். குளிர் தாங்காமல் சுரங்க வாசலை விட்டுக் காவல் குடிசைக்குப் போய் அடுப்பில் கை காட்டிக்கொண்டிருந்தார். எட்டு நிமிடம், அவ்வளவுதான். நெஸ்டாவுக்குக்கூட அவர் சொன்னதில்லை.

கீழிருந்து நெஸ்டா கூப்பிட்டாள். "டீ ஆறுது, ரெண்டு பேரும் வாங்க."

"உன் மேல எனக்கு ஒண்ணுமில்ல, நெஸ்டா. ஆனா இந்த வீட்டு டீ எனக்கு இறங்காது." எம்ரிஸ் இறங்கிப் போனார். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நெஸ்டாவின் ரேடியோ பாடத் தொடங்கியது.

இத்வல் மறுபடி ரயிலை ஓடவிட்டார். பச்சை எஞ்சின், இரண்டு பெட்டி, பழக்கப்பட்ட அந்த மெல்லிய உறுமல். அது சுரங்கத்துக்குள் போனது. பதினோரு விநாடி. அடுத்த சுற்றில் இருபது. வெளியே வந்த பெட்டிகளின் கூரை நனைந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். கரிப்புகையும் ஊறிய செங்கல்லும் கலந்த நாற்றம். மின்சாரத்தில் ஓடும் பொம்மை ரயிலில் எங்கிருந்து வந்தது கரி?

மூன்றாவது சுற்றில் ரயில் வரவே இல்லை.

அதன் உறுமல் மட்டும் கேட்டது. தேய்ந்துகொண்டே, தூரம் போய்க்கொண்டே, மலையின் அடிவயிற்றுக்குள் இறங்குவதுபோல. பிறகு அதுவும் நின்றது. அவர் சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கினார். ரேடியோவுக்கும் மழைக்கும் நடுவே, சாந்து மலைக்குள்ளிருந்து, இரும்பின் மேல் இரும்பு தட்டும் ஓசை வந்தது. டங். டங். டங். மூன்று சுத்தியல்கள், முறைவைத்து, அவசரமில்லாமல்.

எலி, என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. ரயில் தட்டுப்படவில்லை. இன்னும் தள்ளினார். தோள் வரை போய்விட்டது, கன்னம் மலைச்சரிவில் அழுந்தியது. அந்த நிலையிலிருந்தே மறுபக்கத்து வாசல் அவருக்குத் தெரிந்தது. இந்நேரம் அவர் விரல்கள் அதன் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அங்கே விரல்கள் இல்லை. வெறும் இருட்டு.

தட்டும் ஓசை நின்றது.

உள்ளே, ஈரக் காற்றில், ஒரு கை அவர் கையைப் பிடித்தது. பொம்மைக் கை அல்ல. அவர் கையளவே இருந்தது, காய்ப்பு ஏறியது, சில்லென்றது. அடுத்து இன்னொன்று. அடுத்து மூன்றாவது. இழுக்கவில்லை. முறுக்கவில்லை. பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

"நெஸ்டா."

மூச்சுதான் வந்தது. கீழே ரேடியோவில் யாரோ சிரித்தார்கள்.

"நெஸ்டா, மேல வா."

எங்கோ வெகு ஆழத்தில் விசில் ஊதியது. நீண்ட விசில். நிஜ விசில். கன்னத்துக்கடியில் சாந்து அதிரத் தொடங்கியது. உள்ளங்கைக்குக் கீழே தண்டவாளம் அதிர்ந்தது. அகலமான தண்டவாளம். பொம்மையுடையது அல்ல.

உதறினார். விடவில்லை.

சுரங்க வாயிலிலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. மேய்ச்சல் சரிவில் அவர் ஒட்டிவைத்திருந்த வெள்ளை ஆடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, உருண்டு, அவர் கண்ணருகே வந்து விழுந்தன. மறுபக்கத்து இருட்டில் ஒரு மஞ்சள் வெளிச்சம் ஊசிமுனையாய்த் தோன்றி, பெரிதாகிக்கொண்டே வந்தது.