அவள் திறந்த கதவு

பகல் வெளிச்சத்தில் பிணம்!

சரவணம்பட்டியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழே, பைக்குகளுக்கு நடுவில் தீபக் விழுந்து கிடந்தான். மூச்சு இல்லை.

இன்ஸ்பெக்டர் நஃபீசா மாடியேறினார். கொலையாளி அவருக்குத் தேடும் வேலையே வைக்கவில்லை. தீபக்கின் பார்ட்னர் கிருபாசங்கர், மொட்டை மாடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நாந்தாங்க மேடம் அவனக் கீழ தள்ளிப்போட்டேன்."

"எதுக்குங்க?"

"எம் பொண்டாட்டிக்கும் அவனுக்கும் பழக்கமுங்க."

இரண்டு பேரும் ஒரே காலேஜ். சேர்ந்து வீடியோ கேம் கம்பெனி ஆரம்பித்தவர்கள். கோபிசெட்டிபாளையத்துக்காரனான தீபக்குக்குச் சாப்பாடு கிருபாசங்கர் வீட்டில்தான். தீபக் கடி ஜோக் சொன்னால் கிருபாசங்கரின் மனைவி மோகனப்பிரியா விழுந்து விழுந்து சிரிப்பாள். புருஷன் சொன்னால்... ம்ஹூம்!

கிருபாசங்கருக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. மனைவியிடம் கேட்கக் கூச்சம். கேட்காமல் தூக்கமும் இல்லை, பாவம்.

அதனால் ஒரு திகில் கேம் செய்தான். தீப்பிடித்த வீடு. இரண்டு கதவுகள். ஒன்றின் பின்னால் கணவன், மற்றதின் பின்னால் அவன் நண்பன். விளையாடுகிறவள்தான் மனைவி. ஒருவனைத்தான் காப்பாற்ற முடியும்!

நேற்று அதை மோகனப்பிரியாவிடம் கொடுத்து, டெஸ்ட் பண்ணித் தரச் சொன்னான். கடைசியில் யார் பிழைத்தது என்பது மட்டும் அவன் போனுக்கு வந்தது.

"நண்பனத்தானுங்க காப்பாத்துனா. புருஷன் எரிஞ்சே போயிட்டான்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். நஃபீசாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

மோகனப்பிரியா வந்தாள். கீழே தீபக்கைப் பார்த்து அழுத முகம். நஃபீசா எல்லாவற்றையும் சொன்னார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க... நா மொதல்ல தொட்டது உங்க கதவத்தானுங்க. தொட்டதும் ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு. திருப்பித் திருப்பி மொதல்ல இருந்து ஆடிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கயே நின்னுச்சுங்க. முடிச்சுக் குடுத்தாத்தான உங்க வேலை நடக்கும்னு, மனசே இல்லாம இன்னொரு கதவத் தொறந்தேன்."

கிருபாசங்கர் எழுந்து நின்றான்.

"எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"உங்க வேலையில தப்புன்னா மூஞ்சி வாடிப்போவீங்கல்லங்க. அதுதான் தீபக் அண்ணனுக்குப் போன் போட்டேன். உங்களுக்குத் தெரியாமச் சரிபண்ணிப்போடறேன்னு சொன்னாருங்க."

அண்ணன்!

நஃபீசா கீழ்த்தளத்தில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு இருவரையும் அழைத்துப்போனார். தீபக்கின் கம்ப்யூட்டர் அணைக்கப்படாமல் இருந்தது; திரையில் அதே கேம். மோகனப்பிரியா கணவனின் கதவைத் தொட்டாள்.

திறந்தது.

செத்துப்போனவன் காலையில் முதல் வேலையாக அதைத்தான் சரிசெய்திருக்கிறான்! கிருபாசங்கர் அந்த மேஜையிலேயே தலையைச் சாய்த்து ஓவென்று அழுதான். மோகனப்பிரியா அவனைத் தொடவில்லை.

நஃபீசா கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு கேட்டார்.

"இந்த கேம் செய்ய எத்தன நாளாச்சுங்க?"

"ஒரு வருசமுங்க மேடம்."

"வாயத் தொறந்து கேட்டிருந்தா ஒரு நிமிசமுங்க. நடங்க."