நாற்காலியில் ஒரு பள்ளம்

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்த்தபோது, நாற்காலியில் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது.

அது சாதாரண நாற்காலி இல்லை. சோபா, விளக்கு, அலமாரி என்று வீட்டுச் சாமான்களுக்குப் புதுப்புது வடிவம் யோசிப்பதுதான் அவள் பிழைப்பு. இது அவளுடைய கடைசி யோசனை. கால் கிடையாது, கை கிடையாது. தரையிலிருந்து ஒரே வளைவாக எழும்பி முதுகுவரை போகும் சாம்பல் நிறப் பொதி. உள்ளே இருந்தது ஒரு சோம்பேறி ஸ்பாஞ்ச். உட்கார்ந்தால் மெதுவாக அமுங்கும். எழுந்துவிட்டால் அதைவிட மெதுவாக மேலே வரும். எழுந்தவரின் உருவம் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அதில் தங்கியிருந்து, பிறகு தானாக மறையும். பட்டறையில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். கடைக்கு அனுப்புவதற்கு முன், ஒரே ஒரு உடம்பின் பாரத்துக்கு அது எப்படிப் பழகுகிறது என்று பார்க்க முதல் சாம்பிளை வீட்டில் கொண்டுவந்து போட்டிருந்தாள். தன்னைத் தவிர யாரும் அதில் உட்காரக் கூடாதென்று உத்தரவும் போட்டிருந்தாள்.

"நீ உக்காந்தியா?" என்றாள்.

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் திரும்பாமலே, "எதுல?" என்றான்.

"தெரியாத மாதிரி கேக்காத."

"உன் சிம்மாசனத்துலயா? நான் அது பக்கமே போகல தாயே."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளைப் பார்ப்பதைவிட ஆள் உட்கார்ந்து எழுந்த இடத்தைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். கணவன் ஒல்லிக்குச்சி. இந்தப் பள்ளம் அகலம். இரண்டு தொடைகளும் ஒட்டியிருந்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் இப்போதுதான், ஓரம்கூட இன்னும் கலையவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. புதுப் பள்ளத்தில் சூடு இருக்க வேண்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

கணவன் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவன். பகல் முழுக்க அவனும், நான்கு வயது மகள் வாண்டும் மட்டும்தான் இருப்பார்கள். இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணம். இது உடைந்தால் போய் நிற்க அவளுக்கு வேறு வாசல் கிடையாது.

மறுநாளும் பள்ளம் இருந்தது. அதற்கு மறுநாளும். ஒரு தடவை பார்த்ததோடு சரி, கோபத்தில் அதில் உட்காரவும் இல்லை, அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. கூடவே ஒரு வாடை, மழைக்காலத்தில் நாள்கணக்காகப் பூட்டிவைத்த அலமாரியைத் திறந்தால் வருமே, அது. எதிர் வீட்டில் தனியாக இருக்கும் டீச்சரை லிஃப்டில் பார்த்தபோது, முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தாள். அளவு ஒத்துவருகிற மாதிரிதான் இருந்தது. டீச்சர் என்னவோ கேட்டார். இவள் வெடுக்கென்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், பட்டறையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

பூட்டில் சாவி சத்தம் போடாதபடி திருகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே வந்தாள். திரை இழுத்துவிட்ட கூடத்தில் வெளிச்சம் பழுப்பாகக் கிடந்தது, ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது, உள்ளறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணவன் யாருக்கோ மாடிப்படி அளவு சொல்லிக்கொண்டிருந்தான், படுக்கையறையில் வாண்டு விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது. நாற்காலியில் பள்ளம். அச்சு அசலாக. குளியலறையைப் பார்த்தாள். பால்கனியைப் பார்த்தாள். வெட்கத்தை விட்டு அலமாரியையும் திறந்து பார்த்தாள். யாருமில்லை. வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். அதன் வழியாகத்தான் அவளே வந்தாள்.

உள்ளறைக்குப் போய் அவன் ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாரு வந்தா?"

"யாரும் வரலையே. நீ என்ன இந்நேரத்துல?"

"டீச்சரா?"

அவன் அவளையே பார்த்தான். முகம் மெல்ல மாறியது. "அவங்க ஊருக்குப் போயி நாலு நாளாச்சு. சாவியை நம்மகிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க. உன்கிட்ட சொன்னேனே. என்னைப் பத்தி இப்படித்தான் நினைச்சியா?"

அவன் ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினான். ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினான்.

கூனிக் குறுகிப்போய்க் கூடத்துக்கு வந்தாள். சாயங்காலம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே டீ போட்டாள். நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பள்ளம் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறதென்று பார்த்தால், எப்போது விழுந்ததென்று ஒரு கணக்குக் கிடைக்கும். ஸ்பாஞ்சே கெட்டுப் போயிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

டீ தீர்ந்தது. பள்ளம் நிரம்பவில்லை.

கிட்டத்தில் நகர்ந்து போனாள். அலமாரி வாடை மூக்கில் ஏறியது. பள்ளத்துக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, எடுத்தாள். விரல் குழி கொஞ்ச நேரம் நின்றது, மெல்ல மேலே வந்தது, மறைந்தது. ஸ்பாஞ்சுக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் வேலை செய்தது.

பெரிய பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது இடது பக்கம் சற்று ஆழமாயிற்று. வலது பக்கம் கொஞ்சம் எழும்பியது. பிறகு இரண்டும் சமமாயின. ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் பாரத்தை மாற்றிக்கொள்வார்களே. அது மாதிரி.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

யார் உட்கார்ந்து போனார்கள், யார் எழுந்து போனார்கள் என்றே இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாரம் இறங்கினால் ஸ்பாஞ்ச் எழும்பும். இது எழும்பவில்லை.

யாரும் எழுந்து போகவில்லை.

கத்த வேண்டும். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கணவனுக்குக் காதில் ஹெட்போன். கதவு சாத்தியிருந்தது. பின்பக்கமாகவே நகர்ந்தாள். டம்ளர் உருண்டது.

"அம்மா."

வாண்டு. படுக்கையறை வாசலில். தலை கலைந்து, கண் பாதி மூடி.

"இங்க வா கண்ணு. அம்மாகிட்ட வா." காற்றுத்தான் வந்தது.

வாண்டு வந்தது. அம்மாவைத் தாண்டிப் போயிற்று. தூக்கக் கலக்கத்தில், பழகிய மடியைத் தேடிப் போகிற மாதிரி, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து ஏறியது. திரும்பி உட்கார்ந்தது.

மெத்தையில் உட்காரவில்லை. மெத்தைக்கு ஒரு சாண் மேலே.

பள்ளம் இன்னும் ஆழமாகக் கீழே போயிற்று.

அவள் பாய்ந்தாள். குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். வாண்டு சிணுங்கியது. "விடும்மா. தூக்கம் வருது," என்று முனகிக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியது.

குழந்தையின் கவுன், வயிற்றுப் பக்கம், மெதுவாக உள்ளே அமுங்கியது. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு. பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக.